கறுப்புப் பூனையும் கதாசிரியரும்

பாரீஸ் நகரத் திருவிழாவில் ஒரு கூடாரம். உள்ளே கூண்டில் ஒரு பெரிய மனிதக் குரங்கு. அதன் பெயர் எரிக். அதை வளர்ப்பவன் ஒரு டாக்டர். குரங்கின் பாஷை தனக்குத் தெரியும் என்கிறான். ஊரில் இளம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கடைசியில் அந்தக் குரங்கே, தன்னை வளர்த்தவனின் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறது.

இது ஒரு சினிமாக் கதை. 1932-ம் ஆண்டு அமெரிக்காவில் யுனிவர்சல் கம்பெனி எடுத்த திகில் படம். டாக்டராக நடித்தவர் பேலா லுகோசி. அதற்கு முந்திய ஆண்டுதான் டிராகுலாவாக வந்து ஜனங்களை நடுங்க வைத்திருந்தார். குரங்குத் தோலுக்குள் இருந்தவர் சார்லஸ் ஜெமோரா என்ற பிலிப்பைன்ஸ் தீவுக்காரர். குரங்கு வேடம் என்றால் ஹாலிவுட்டில் அவரைத்தான் தேடுவார்கள். முகத்தை அருகில் காட்டும்போது மட்டும் உண்மையான குரங்கைக் காட்டினார்கள்.

1934-ல் அதே கம்பெனி "கறுப்புப் பூனை" என்று இன்னொரு திகில் படம் எடுத்தது. இரண்டு படங்களுக்கும் மூலக்கதை என்று ஒரே பெயரைப் போட்டார்கள். எட்கார் ஆலன் போ.

அவர் இறந்து அப்போது 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சினிமாக்காரர்கள் அவருடைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். கதையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அவர் எழுதிய பூனைக் கதையில் பூனை ஒருவரையும் கொல்லவில்லை. கொன்றவன், அதை வளர்த்த மனிதன்.

எப்படிப்பட்டவர் இதை எழுதியிருப்பார்? பூனையைக் கண்டாலே ஆகாதவரா? குரூர மனம் படைத்தவரா? அவர் இறந்த பிறகு பல ஆண்டுகள் உலகம் அப்படித்தான் நம்பியது.

அனாதைப் பிள்ளை

"போ" என்றால் நம் காதுக்கு விரட்டுவது போல இருக்கும். அந்த நாட்டில் அது ஒரு குடும்பப் பெயர். ஆனால் அவரை வாழ்க்கை விரட்டியதென்னவோ உண்மை.

1809-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தாயும் தகப்பனும் நாடக நடிகர்கள். தகப்பன் குடும்பத்தை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். தாய் எலிசபெத், கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடித்தாள். 1811 டிசம்பரில் ரிச்மண்ட் நகரில் காசநோயால் இறந்தாள். எட்காருக்கு அப்போது 3 வயது கூட நிரம்பவில்லை. மூன்று குழந்தைகளையும் மூன்று வீட்டார் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

எட்காரை எடுத்து வளர்த்தவர் ஜான் ஆலன் என்ற வியாபாரி. நல்ல சாப்பாடு, நல்ல துணி, இங்கிலாந்தில் ஐந்து வருடப் படிப்பு, எல்லாம் கொடுத்தார். ஆனால் சட்டப்படி சுவீகாரம் செய்துகொள்ளவில்லை. வளர்ப்புத் தாய் பிரான்சஸ் பிள்ளையிடம் பாசமாக இருந்தாள்.

1826-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அனுப்பிய பணம் போதவில்லை. சூதாடினார். கடன் ஏறியது. ஜான் ஆலன் கையை விரித்துவிட்டார். படிப்பு நின்றது. வீட்டை விட்டு வெளியேறி, பெயரை மாற்றிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு அதையும் விட்டு, ராணுவ அதிகாரிகள் படிக்கும் வெஸ்ட் பாயிண்ட் பள்ளிக்குப் போனார். அங்கிருந்து 1831-ல் நீக்கப்பட்டார். 1834-ல் ஜான் ஆலன் இறந்தபோது உயிலில் எட்காருக்கு ஒரு காசு இல்லை.

அத்தை வீடு

போக்கிடம் இல்லாத பிள்ளையை பால்டிமோர் நகரில் ஓர் அத்தை ஏற்றுக்கொண்டாள். தகப்பனுடன் பிறந்தவள். பெயர் மரியா கிளெம். கணவனை இழந்தவள். தையல் வேலை செய்து வயிறு கழுவினாள். அவள் மகள் வர்ஜீனியா.

1836-ல் அத்தை மகளையே எட்கார் மணந்துகொண்டார். அவருக்கு 27 வயது. அவளுக்கு 13. பதிவுப் பத்திரத்தில் பெண்ணுக்கு 21 வயது என்று எழுதினார்கள். இன்று இதைப் படிக்கும்போது நம் மனம் ஒப்பாது. ஆனால் அந்தப் பெண்ணிடம் அவர் கடைசிவரை உயிரையே வைத்திருந்தார் என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை.

மாமியாராகிவிட்ட அத்தையை அவர் தாயாகவே கருதினார். மூவரும் பிலடெல்பியாவுக்குக் குடிபோனார்கள். எட்கார் பத்திரிகை ஆசிரியராக வேலை பார்த்தார். ஒரு பத்திரிகையில் ஆண்டுக்கு 800 டாலர் சம்பளம். அந்தப் பத்திரிகையில்தான் 1841-ல் மனிதக் குரங்கின் கதை வந்தது. போர்னியோ தீவிலிருந்து ஒரு மாலுமி உராங்குட்டானைப் பிடித்து வந்து பாரீஸில் அடைத்து வைக்கிறான். எஜமான் முகச்சவரம் செய்வதை அது ஒளிந்திருந்து பார்க்கிறது. ஒரு நாள் சவரக் கத்தியோடு தப்பி ஓடுகிறது. ஒரு தாயும் மகளும் பிணமாகிறார்கள். போலீசார் திகைத்து நிற்க, துப்பன் என்ற புத்திசாலி உண்மையைக் கண்டுபிடிக்கிறான். உலகத்தின் முதல் துப்பறியும் கதை இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவர்.

கதவு திறந்த பூனை

இப்போது பூனைக்கு வருவோம்.

எட்கார் வீட்டில் உண்மையிலேயே ஒரு கறுப்புப் பூனை இருந்தது. 1840 ஜனவரியில் அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை அது தானே திறக்குமாம். தாவி ஒரு கையைக் கைப்பிடிக்குள் விட்டுத் தொங்கிக்கொண்டு, மறு கையால் தாழ்ப்பாளை அழுத்துமாம். மிருகங்களுக்கு அறிவு இல்லை என்று யார் சொன்னது என்று அதில் கேட்டிருக்கிறார். பிள்ளையின் சமத்தைச் சொல்லும் தகப்பனைப் போலப் பெருமை பொங்க எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர், மூன்று வருடம் கழித்து, 1843 ஆகஸ்டில் "கறுப்புப் பூனை" கதையை வெளியிட்டார்.

கதையில் ஒருவன். சிறு வயது முதல் பிராணிகளிடம் அன்பு உள்ளவன். மனைவியும் அப்படியே. வீட்டில் நாய், முயல், பறவைகள், ஒரு பெரிய கறுப்புப் பூனை. பூனை அவன் காலையே சுற்றி வரும். அவனுக்குக் குடிப்பழக்கம் வருகிறது. குணம் மாறுகிறது. ஒரு நாள் போதையில் பூனையின் ஒரு கண்ணைத் தோண்டிவிடுகிறான். அப்புறம் அதை மரத்தில் தூக்கில் போடுகிறான். தன்னிடம் அன்பாக இருந்த பிராணி என்று தெரிந்து, அழுதுகொண்டே போடுகிறான்.

பிறகு அதே போல இன்னொரு ஒற்றைக்கண் பூனை வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் மார்பில் உள்ள வெள்ளைத் திட்டு, நாளாக ஆக ஒரு தூக்குமரம் போலத் தெரிகிறது. நிலவறைப் படியில் காலைச் சுற்றிய அந்தப் பூனை மேல் கோடரியை ஓங்குகிறான். தடுத்த மனைவியை வெட்டிவிடுகிறான். உடலைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். போலீசார் தேடிவிட்டுத் திரும்பும் நேரம். அவன் திமிரோடு கைத்தடியால் அதே சுவரைத் தட்டுகிறான். உள்ளிருந்து ஓர் ஓலம்! சுவரை இடித்தால், பிணத்தின் தலைமேல் பூனை உட்கார்ந்திருக்கிறது.

இதை எழுதிய சமயம் அவர் வீடு எப்படி இருந்தது தெரியுமா?

1842 ஜனவரியில் வர்ஜீனியா பாடிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து ரத்தம் வந்தது. காசநோய். எட்காரின் தாயைக் கொண்டுபோன அதே நோய். சில வாரம் தேறுவாள். மறுபடி ரத்தம். இப்படியே ஐந்து வருடம். நம்பிக்கை வருவதும் போவதுமான அந்த வேதனையில் தனக்குப் பித்துப் பிடித்தது என்றும், அப்போதுதான் குடித்ததாகவும் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். கொஞ்சம் குடித்தாலும் நிலை தடுமாறிவிடுவார் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடித்தால் ஒரு மனிதன் தன் வீட்டாரிடமே எப்படி ஆகிவிடுவான் என்ற பயம் அவருக்குள் இருந்திருக்கிறது. கதையில் வருவது அந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1846-ல் நியூயார்க்கை அடுத்த ஃபோர்டாம் கிராமத்தில் ஒரு சிறு வீட்டுக்கு வந்தார்கள். "அண்டங்காக்கை" என்ற கவிதை அதற்கு முந்திய ஆண்டே அவர் பெயரை நாடெங்கும் பரப்பியிருந்தது. பெயர் வந்தது, பணம் வரவில்லை. குளிர்காலத்தில் கணப்புக்கு வழியில்லை. பார்க்கப் போன ஒரு பெண்மணி கண்டதை எழுதி வைத்திருக்கிறார். வைக்கோல் படுக்கை. அதில் வர்ஜீனியா. மேலே கணவரின் மேல்கோட்டு. கைகளைக் கணவரும், பாதங்களைத் தாயும் தேய்த்துச் சூடேற்றுகிறார்கள். அவள் மார்பின் மேல் ஒரு பெரிய பூனை படுத்துக் கதகதப்புக் கொடுக்கிறது. அதன் பெயர் கேட்டரினா.

1847 ஜனவரி 30-ந் தேதி வர்ஜீனியா இறந்தாள். வயது 24.

நான்கு நாள்

1849 அக்டோபர் 3-ந் தேதி பால்டிமோரில் ஒரு சாராயக்கடை அருகே எட்கார் நினைவு தடுமாறிக் கிடந்தார். உடம்பில் இருந்தது வேறு யாருடையதோ உடுப்பு. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து சத்தியம் செய்திருந்தார். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் பிதற்றிவிட்டு, 7-ந் தேதி இறந்தார். வயது 40. என்ன நோய் என்று இன்றுவரை முடிவாகவில்லை. வெறிநோயாக இருக்கலாம், ஏதோ பிராணி கடித்திருக்கலாம் என்று 1996-ல் மேரிலாந்து டாக்டர் ஒருவர் சொன்னார். கடிபட்டதற்கு அத்தாட்சி இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

அவர் கண் மூடியதும் ரூஃபஸ் கிரிஸ்வால்டு என்ற எழுத்தாளர் பழி தீர்த்துக்கொண்டார். எட்கார் ஒரு சமயம் அவருடைய புத்தகத்தைக் குறை சொல்லியிருந்தார். முதலில் புனைபெயரில் இரங்கல் கட்டுரை, பிறகு ஒரு வரலாறு. எட்கார் குடிகாரர், கெட்ட மனம் உள்ளவர் என்று எழுதினார். ஆதாரம் காட்ட, எட்காரின் கடிதங்களிலேயே கை வைத்துத் திருத்தினார். பூனையைக் கொன்றவனும் எழுதியவரும் ஒருவரே என்று ஊர் பேசியது. அந்தக் கடித மோசடி தெளிவாக அம்பலமானது 1941-ல்தான். அதற்குள் இரண்டு சினிமாவும் வந்துபோய்விட்டன.

அடக்கத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேர் கூட இல்லை. உறவினர் ஒருவர் கல்லறைக்குச் சலவைக்கல் செய்யச் சொன்னார். தண்டவாளம் தவறி வந்த ரயில் ஒன்று அந்தக் கல்லை நொறுக்கிவிட்டது! இருபத்தாறு வருடம் கழித்து, 1875-ல்தான் நினைவுச் சின்னம் எழுந்தது. அதற்காகப் பால்டிமோர் ஆசிரியர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சில்லறை சேர்த்தார்கள். 1885-ல் வர்ஜீனியாவின் எலும்புகளையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். அத்தை மரியாவும் அங்கேயே இருக்கிறாள்.