மலைவாசிகளின் தோழர் எல்வின்

கிறிஸ்தவத் தொண்டு செய்ய இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார வாலிபர் ஒருவர், காட்டுக்குப் போய்க் குடிசை போட்டு, ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். அவர்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார். கடைசியில் இந்தியப் பிரஜையாகி, இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்.

அவர்தான் வெரியர் எல்வின்.

பிஷப் மகன்

எல்வின் 1902-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி இங்கிலாந்தில், டோவர் நகரில் பிறந்தார். தந்தை ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்தவர். எல்வின் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். தாய்தான் வளர்த்தார்.

ஆக்ஸ்போர்டில் படித்த எல்வின், ஆங்கில இலக்கியத்திலும் சமயப் படிப்பிலும் முதல் வகுப்பில் தேறினார். சீமையிலேயே பெரிய பதவி கிடைத்திருக்கும். அவர் அதை நாடவில்லை. 1927-ம் ஆண்டு கப்பல் ஏறி, பூனாவில் இருந்த கிறிஸ்த சேவா சங்கத்தில் சேர்ந்தார்.

மறு ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் காந்தி அடிகளைக் கண்டார். அன்று முதல் அவர் மனம் மாறியது. கதர் உடுத்தினார். இந்தியாவின் விடுதலையை ஆதரித்து எழுதினார். வெள்ளைக்கார சர்க்கார் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

காட்டில் குடித்தனம்

கோண்டு மக்களிடையே தொண்டு செய்யலாமே என்று வல்லபாய் பட்டேலும் ஜம்னாலால் பஜாஜும் யோசனை கூறினார்கள். 1932-ல் எல்வின் புறப்பட்டார். கூடவே சாம்ராவ் ஹிவாலே என்ற நண்பரும் போனார்.

மத்திய மாகாணத்தில் மைக்கால் மலைப் பகுதியில் கரஞ்சியா என்ற கிராமம். அங்கே இருவரும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மருந்து கொடுத்தார்கள். தொழுநோயாளிகளைப் பராமரித்தார்கள்.

ஆனால் யாரையும் மதம் மாற்ற எல்வின் விரும்பவில்லை. இதனால் மேலிடத்துக்கும் அவருக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. சில ஆண்டுகளில் திருச்சபையை விட்டே விலகினார்.

புத்தகங்கள் பிறந்தன

பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவர், பாடம் கற்கத் தொடங்கினார். பாட்டையும் கதையையும் நம்பிக்கைகளையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

1939-ல் பைகா மக்களைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது. பைகா மக்கள் ஏர் பிடிப்பதைப் பாவம் என்று கருதினார்கள். பூமி தாய், தாயின் மார்பைக் கலப்பையால் கிழிக்கலாமா என்பது அவர்கள் எண்ணம். மரங்களை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் விதை தூவுவார்கள். காட்டு இலாகா இதைத் தடுத்தது. ஒரு சிறு பகுதியில் மட்டுமே அனுமதித்தது. தொழிலும் போய், தெய்வ நம்பிக்கையும் புண்பட்டு, அம்மக்கள் நொந்துபோனதை எல்வின் எடுத்துக் காட்டினார்.

1942-ல் வந்தது அகாரியா மக்களைப் பற்றிய புத்தகம். இவர்கள் கல்லை உருக்கி இரும்பு எடுப்பவர்கள். உலைக்கு வரி விழுந்தது. ஆலை இரும்பு மலிவாக வந்தது. பரம்பரைத் தொழில் நசிந்தது.

1947-ல் பஸ்தார் பகுதி முரியா மக்களைப் பற்றி எழுதினார். மணமாகாத இளைஞரும் பெண்களும் இரவில் கூடும் கோட்டுல் என்ற பொது வீடு அவர்களிடம் உண்டு. வெளியார் அதைக் கேவலமாகப் பேசினார்கள். அங்கே ஒழுங்கும் கட்டுப்பாடும் வேலைப் பயிற்சியும் இருப்பதை எல்வின் விளக்கினார்.

எதிர்ப்பு

பைகா மக்களுக்குத் தனியிடம் ஒதுக்கி, வெளியார் புகாமல் காக்க வேண்டும் என்று எல்வின் யோசனை கூறியிருந்தார். ஆதிவாசிகளை மிருகக்காட்சி சாலையில் அடைக்கப் பார்க்கிறார் என்று பலர் சீறினார்கள். பம்பாய்ப் பேராசிரியர் குர்யே, ஆதிவாசிகளைப் பிரித்து வைப்பது தவறு என்று 1943-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

எல்வின் பிற்காலத்தில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பள்ளியும் வைத்தியமும் பாதையும் வரட்டும். ஆனால் நிலமும் மொழியும் கலையும் பறிபோகக் கூடாது என்பதே அவர் கண்ட நடுவழி.

அவர் சொந்த வாழ்விலும் ஒரு கறை உண்டு. 1940-ல் கோண்டு இனப் பெண் ஒருவரை மணந்தார். 1949-ல் அந்த மணம் முறிந்தது. அந்தப் பெண் பின்னர் நெடுங்காலம் வறுமையில் வாடினார். மலைமக்களுக்காகப் பரிந்து எழுதிய பேனா, அவருக்கு உதவவில்லை. எல்வின் மறுபடியும் ஆதிவாசிப் பெண் ஒருவரை மணந்து குடும்பம் நடத்தினார்.

நேரு அழைத்தார்

1954-ல் எல்வின் இந்தியப் பிரஜை ஆனார். அதே ஆண்டில் வடகிழக்கு எல்லைப் பகுதிக்கு மலைவாசிகள் நல ஆலோசகராக நியமிக்கப்பட்டார். இன்றைய அருணாசலப் பிரதேசம்தான் அது. ஷில்லாங்கில் குடியேறி, ஆண்டுதோறும் மலை மலையாக ஏறி இறங்கினார்.

அதிகாரிகள் எப்படிப் பழக வேண்டும் என்பதை 1957-ல் ஒரு புத்தகமாக எழுதினார். அதன் அடுத்த பதிப்புக்குப் பிரதமர் நேரு முன்னுரை எழுதி, 5 கொள்கைகளை வகுத்தார். எதையும் திணிக்கக் கூடாது, நிலத்தையும் காட்டையும் அம்மக்களுக்கே காத்துத் தர வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

1961-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1964-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி டெல்லியில் எல்வின் காலமானார். அவருடைய சுயசரிதைக்கு மறு ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு அளிக்கப்பட்டது.

காட்டில் வாழ்பவர் என்றால் ஒன்றும் அறியாதவர் என்று நாட்டில் வாழ்பவர் எண்ணிய காலம் அது. அந்த எண்ணம் தவறு என்பதற்கு எல்வினின் புத்தகங்கள் சாட்சியாக நிற்கின்றன.