ஆஸ்கார் வாங்கியும் ஓரத்து மேஜை. கல்லறையிலும் இடம் இல்லை! நடிகை ஹாட்டி மெக்டேனியல் கதை

சினிமா உலகின் பெரிய பரிசு ஆஸ்கார். அதை முதன் முதலில் வாங்கிய கருப்பினத்தவர் ஒரு பெண். பெயர் ஹாட்டி மெக்டேனியல். பரிசு கொடுத்த அன்றுகூட அவரை மற்ற நடிகர்களோடு உட்கார விடவில்லை. செத்த பிறகு, கேட்ட இடத்தில் புதைக்கவும் விடவில்லை.

அடிமைகளின் மகள்

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரில் 1893-ம் ஆண்டு ஜூன் 10-ந்தேதி பிறந்தார் ஹாட்டி. அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில் அப்பா துப்பாக்கி தூக்கியவர். 13 பிள்ளைகளில் ஹாட்டிதான் கடைக்குட்டி.

சின்ன வயதிலேயே பாட்டு, நாடகம் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. நாடகக் கம்பெனிகள் படுத்துவிட்டன. மில்வாக்கி நகரில் கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்டார். அங்கே ஒரு விடுதியில் பெண்கள் கழிவறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் கிடைத்தது. ஒருநாள் அங்கேயே மேடை ஏறிப் பாடினார். கூட்டம் அசந்துபோனது. அதன்பிறகு அந்த விடுதிக்கே பாடகி ஆகிவிட்டார்.

1931-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். சினிமாவில் துண்டு துக்கடா வேடங்கள். ஷூட்டிங் இல்லாத நாளில் அடுத்தவர் வீட்டில் துணி துவைப்பது, சமைப்பது. படத்திலும் வேலைக்காரி, வெளியிலும் வேலைக்காரி!

தியேட்டருக்குள் விடவில்லை

1939-ல் வந்தது "கான் வித் தி விண்ட்". கதாநாயகியை வளர்த்து, தப்பு செய்தால் அதட்டும் அடிமைப் பெண் வேடம் ஹாட்டிக்கு. இந்த வேடத்தை தன் வீட்டு வேலைக்காரிக்கு தரும்படி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவியே சிபாரிசு செய்தாராம். ஆனாலும் ஹாட்டிக்குத்தான் அடித்தது யோகம்.

டிசம்பர் 15-ந்தேதி அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி. ஊரே திருவிழாக் கோலம். ஆனால் அங்கே வெள்ளையரும் கருப்பரும் சேர்ந்து உட்காரக்கூடாது. நடித்த ஹாட்டியால் போக முடியவில்லை. கதாநாயகன் கிளார்க் கேபிள் தானும் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்ததாகவும், ஹாட்டிதான் சமாதானம் செய்து அனுப்பி வைத்ததாகவும் சொல்வார்கள்.

1940 பிப்ரவரி 29-ந்தேதி ஆஸ்கார் விழா. நடந்த ஓட்டலில் கருப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகப் பேசித்தான் உள்ளே விட்டார்கள். சுவர் ஓரமாக ஒரு சின்ன மேஜை. அங்கிருந்து எழுந்து வந்துதான் சிறந்த துணை நடிகை பரிசை வாங்கினார் ஹாட்டி. கண்ணீரோடு இறங்கினார்.

சொந்தக்காரர்களும் திட்டினார்கள்

பரிசு வந்தும் வேடம் மாறவில்லை. திரும்பத் திரும்ப வேலைக்காரிதான். இனத்தையே கேவலப்படுத்துகிறார் என்று கருப்பின உரிமைச் சங்கத் தலைவர்கள் காய்ச்சினார்கள். வீட்டு வேலை செய்து கிடைக்கும் கூலியைவிட, வேலைக்காரியாக நடித்தால் நூறு மடங்கு கிடைக்கிறதே என்பது ஹாட்டியின் கட்சி.

ஆனால் பயந்தவர் இல்லை. லாஸ் ஏஞ்சல்சில் அவர் பெரிய வீடு வாங்கியதும், கருப்பினத்தவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஹாட்டியும் அக்கம்பக்கத்து கருப்பினக் குடும்பங்களும் சேர்ந்து நின்றார்கள். 1945 டிசம்பரில் வழக்கு தள்ளுபடி ஆனது. வீடு தப்பியது.

கடைசி ஆசை

1947-ல் "பியூலா" ரேடியோ தொடரில் கதாநாயகி ஆனார். அதுவும் வேலைக்காரி வேடம்தான். வீடு வீடாகக் கேட்டார்கள். அந்த நேரத்தில் மார்பகப் புற்றுநோய் வந்தது. 1952 அக்டோபர் 26-ந்தேதி இறந்தார். வயது 59.

நடிகர்கள் புதைக்கப்படும் ஹாலிவுட் கல்லறையில் தன்னையும் புதைக்க வேண்டும் என்பது கடைசி ஆசை. அங்கே வெள்ளையருக்கு மட்டும்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். ரோஸ்டேல் கல்லறையில் புதைத்தார்கள்.

ஆஸ்கார் பரிசை ஹாவர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அதுவும் அங்கே காணாமல் போனது.

அவருக்குப் பிறகு இன்னொரு கருப்பின நடிகை ஆஸ்கார் வாங்க 51 வருஷம் ஆனது. 1991-ல் ஹூப்பி கோல்ட்பர்க் வாங்கினார்.

1999-ல் ஹாலிவுட் கல்லறையின் புதிய முதலாளி மனம் மாறி இடம் கொடுக்க முன்வந்தார். புதைத்த உடலைத் தோண்ட வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லிவிட, அங்கே நினைவுக்கல் மட்டும் வைத்தார்கள். 2006-ல் அமெரிக்க அரசு தபால்தலை வெளியிட்டது. 2023 அக்டோபரில் ஆஸ்கார் அமைப்பு வேறொரு பரிசு செய்து பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தது.

எல்லாம் கிடைத்தது. ஆனால் எதையும் பார்க்க ஹாட்டி இல்லை.