வேதவாக்கைக் காத்த ஆயர்: புனித இரேனியுஸ்

வேதாகமத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்துக் கூறுவது எவருக்கும் எளிது. அதன் கருத்துக் கெடாமல் எடுத்துக் கூறுவதே அரிது. இதனைத் திருச்சபைக்கு ஆதியிலேயே உணர்த்தியவர், ஜூன் 28ஆம் திகதி நாம் நினைவுகூரும் புனித இரேனியுஸ்.

இரண்டாம் நூற்றாண்டிலே சின்ன ஆசியாவில் பிறந்த இவர், சிறுவயதில் சுமிர்னா நகர் ஆயரான புனித பொலிக்கார்ப்பின் போதனையைக் காதாரக் கேட்டு வளர்ந்தார். பொலிக்கார்ப்போ அருளப்பரிடம் கேட்டறிந்தவர்.

பின்னர் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில் இரேனியுஸ் குருவாகப் பணிபுரிந்தார். 177ஆம் ஆண்டு அங்கே கொடிய வேதகலாபனை மூண்டது. சிறையிலிருந்த விசுவாசிகள் பாப்பரசர் எலுத்தேரியுசுக்கு எழுதிய கடிதத்துடன் அவர் உரோமாபுரி சென்றார். தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸ் சிறையிலே உயிர்நீத்தார். அவரது இடத்தில் இரேனியுஸ் ஆயரானார்.

வாளுக்குத் தப்பிய மந்தையை வேறோர் ஆபத்துச் சூழ்ந்திருந்தது. வலந்தீனுசைப் பின்பற்றியோர் வேதவசனங்களை அங்குமிங்கும் பொறுக்கித் தம் கற்பனைக் கதைகளுக்குச் சான்றாக்கினர். மார்சியோன் பழைய ஏற்பாட்டைத் தள்ளிவிட்டு, சுவிசேஷங்களுள் லூக்காவினதை மட்டும், அதையும் வெட்டிக் குறைத்தே ஏற்றான். எளிய விசுவாசிகள் வேதவாக்கைக் கேட்டே வழிதவறினர்.

இதனாலேயே, ஏறத்தாழ 180ஆம் ஆண்டில், பதிதங்களுக்கு எதிராக ஐந்து பாகங்கள் கொண்ட நூலைக் கிரேக்க மொழியில் எழுதினார். அது இன்று முழுமையாகக் கிடைப்பது லத்தீன் மொழிபெயர்ப்பிலேயே. அதில் அழகிய உவமை ஒன்று உண்டு: இரத்தினக் கற்களைப் பதித்துக் கலைஞன் ஓர் அரசனின் உருவத்தை அமைக்கிறான். வேறொருவன் அதே கற்களைப் பெயர்த்து நரியின் உருவமாக அடுக்கி, இதுவே அரசன் என்கிறான். கற்கள் உண்மையானவை, உருவமோ பொய்.

அவருடைய வழி வேறு. நான்கு சுவிசேஷங்களையும் ஒருங்கே ஏற்று, ஆசிரியர்களின் பெயரைக் கூறி எடுத்தாண்டார். இறைவாக்கினர், ஆண்டவர், அப்போஸ்தலர் ஆகியோரின் சொற்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே கடவுளே பேசுகிறார் என நிறுவினார். ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசமே அவருக்கு அளவுகோல். அந்நாளில் அதிகார, வசன எண்கள் கிடையா. ஒரே வாக்கை ஓரிடத்தில் இசையாசினது என்றும், வேறிடத்தில் எரேமியாசினது என்றும் அவர் குறித்ததுண்டு. பெயர் மாறினும் விசுவாசம் மாறவில்லை.

ஏறத்தாழ 190ஆம் ஆண்டில், பாஸ்காத் திருநாள் குறித்த பிணக்கில் ஆசியச் சபைகளை விலக்க வேண்டாமெனப் பாப்பரசர் விக்டரை வேண்டினார். அவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு ஒற்றுமையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

வேதாகமத்தைக் கையிலேந்தி எவரேனும் நம் வாசலுக்கு வந்து ஒரு வசனத்தைக் காட்டும்போது, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் வாசிப்போம். கற்கள் மட்டுமல்ல, அரசரின் திருமுகமும் தெரிகிறதா எனப் பார்ப்போம்.