வழக்கறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளை

சட்டத்துறையில் இனி இடமில்லை என்னும் பேச்சு நம் நாட்டிற்குப் புதிதன்று. தோப்பூரிலோ மூதூரிலோ ஒரு மாணவன் சட்டம் பயில விரும்புவதாகத் தந்தையிடம் கூறின், அத்தந்தை அஞ்சுவதற்குக் காரணங்கள் பல உள. சட்டக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு கடினமானது. தேறியவர்க்கும் முதற் சில ஆண்டுகள் வருவாய் சுருங்கிய ஆண்டுகளே. பெயர் பெற்ற மூத்தோர் நிறைந்த மன்றில் புதியவனை நாடி யார் வருவர் என்னும் ஐயமும் எழுகின்றது. இவ்வையங்களைப் பொய்யென ஒதுக்குதல் நேர்மையாகாது. ஆயினும், இத்தகைய நெருக்கடியினூடே வழி கண்ட ஒரு பெரியாரின் வாழ்வை மாணவர் முன் வைத்தல் பயனுடைத்து. அவர் தமிழுலகம் நன்கறிந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். பதிப்பாசிரியர் என்றே நாம் அவரைப் போற்றுகின்றோம். அவர் வழக்கறிஞராயும் நீதிபதியாயும் வாழ்ந்தவர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிள்ளையவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12-ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் வைரவநாதருக்கு மைந்தராய்த் தோன்றினார். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். தெல்லிப்பழை மிசன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பயின்றார். 1852-இல் கோப்பாயில் ஆசிரியரானார். இளமையிலேயே நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் பதிப்பித்து வெளியிட்டார். மிசன் கல்வியில் வளர்ந்தவராயினும் பிற்காலத்தில் சைவ மகத்துவம் என்னும் நூலை இயற்றியமை இக்கல்லூரியினர் அறிந்து மகிழத்தக்கது.

அக்காலத்தில் இலங்கையிலே பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது 1921-இலேயே. வட்டுக்கோட்டைச் செமினரியும் 1855-இல் மூடப்பட்டது. கற்றவர் தொகைக்கு ஏற்ற பதவிகள் யாழ்ப்பாணத்தில் இல்லாமையால், ஆற்றல் மிக்க இளைஞர் கடல் கடந்தனர். பிள்ளையவர்களைச் சென்னைக்கு அழைத்தவர் பேர்சிவல் பாதிரியார். தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தும் பணி அவருக்குக் கிடைத்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. தேர்வு நிகழ்ந்தபோது பட்டம் பெற்றோர் இருவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒரு பெரிய மாகாணத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கியவர்கள் அயலூரிலிருந்து சென்றவர்கள் என்பது இன்றும் நினைந்து பெருமை கொள்ளத்தக்க செய்தி.

முதற் பட்டதாரிக்கு எல்லாக் கதவுகளும் உடனே திறந்தன என எண்ணுதல் தவறு. கள்ளிக்கோட்டையில் ஆசிரியப் பணி புரிந்தார்; பின் சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையில் அமர்ந்து படிப்படியாக உயர்ந்தார். நிலையான சம்பளமும் மதிப்பும் உடைய உத்தியோகம் அது. பலர் அத்துடன் நிறைவு கொண்டிருப்பர். பிள்ளையவர்களோ நாற்பதை அணுகும் வயதில் மீண்டும் மாணவராகி, 1871-இல் சட்டத்துறையில் பி. எல். பட்டம் பெற்றார். இளமையிற் கிட்டாத வாய்ப்பு முதுமையிற் கிட்டாது எனச் சோர்வோர் இதனைக் கருதுக.

அந்நாளிற் சட்டத் தொழிலின் நிலை யாது? 1862-இற் சென்னையில் உயர்நீதிமன்றம் நிறுவப்பட்டது. இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று மீண்டவர்க்கு அம்மன்றில் முதன்மை இருந்தது. உள்நாட்டிற் கற்றுத் தேறிய வக்கீல்கள் அவர்க்குக் கீழ்ப்பட்டவராகவே கருதப்பட்டனர். எனினும் பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் சுதேசிகளுக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. பிள்ளையவர்கள் பிறந்த அதே 1832-இற் பிறந்தவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். இளமையில் ஒரு கிராமக் கணக்கரிடம் சொற்பச் சம்பளத்திற்கு உதவியாளாய் இருந்த அவர், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்த முதல் இந்தியராயினார். குலமும் செல்வமும் வழங்க மறுத்ததைத் தேர்வும் உழைப்பும் சிலர்க்கேனும் வழங்கிய காலம் அது. ஆதலின் போட்டியும் அத்துடன் பிறந்தது.

1880-ஆம் ஆண்டுகளிற் பிள்ளையவர்கள் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் விளங்கினார். காவிரி பாயும் அந்நாட்டில் நிலமும் நீரும், கோயிலும் மடமும், பாகமும் தத்தும் பற்றிய வழக்குகளுக்குக் குறைவில்லை, வாதிப்போர்க்கும் குறைவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற ஒருவர்க்கு அங்கே உறவுமில்லை, ஊருமில்லை. கற்ற கல்வியும் நாணயமுமே துணை. இத்துணை கொண்டே அவர் அங்கு மதிப்புப் பெற்றார்.

அவர் அவ்வருவாயைச் செலவிட்ட வகையிலேதான் அவர்தம் பெருமை தங்கியுள்ளது. 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் களவியலும் தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இற் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என அவர் பதிப்பித்த நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. ஏடுகள் செல்லுக்கு இரையாகி அழிந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் ஊராகத் தேடி, பல பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் கண்டு, ஒன்றைத் துணியும் பணி வழக்கு விசாரணையை ஒத்தது. சான்றுகள் முரண்படுமிடத்து எது பழையது, எது இடைச்செருகல் என நிறுத்துப் பார்த்தல் வேண்டும். தம் பதிப்புரைகளில் அவர் நூலின் காலத்தையும் வரலாற்றையும் ஆராய்ந்து வாதிக்கும் முறையிலே நியாயவாதியின் கை தெரிகின்றது. விற்பனை குறைவு, செலவு மிகுதி, புலவருள்ளும் குறை கூறினோர் பலர். அவற்றையெல்லாம் பொறுத்தே அவர் தொடர்ந்தார்.

போட்டியைப் பற்றிய ஒரு பாடமும் கும்பகோணத்திற் கிடைக்கின்றது. அவ்வூர்க் கல்லூரியில் அப்போது தமிழாசிரியராய் இருந்தவர் உ. வே. சாமிநாதையர். அவரைச் சீவகசிந்தாமணியின்பால் 1880-இல் திருப்பியவர் அங்கே முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியார், அவரும் சட்டத்துறையினரே. சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கப் பிள்ளையவர்கள் விரும்பியதுண்டு. ஐயரவர்கள் அதனை விட்டுக்கொடுக்க இசையவில்லை. ஓரூரில், ஒரே துறையில், ஒரே நூலை நாடிய இருவர் பகைவராதல் எளிது. நிகழ்ந்ததோ வேறு. 1887-இல் ஐயரின் சிந்தாமணியும் பிள்ளையவர்களின் கலித்தொகையும் ஒரே ஆண்டில் உலாவந்தன. ஒருவர் மிகுந்து மற்றவர் குன்றாமல் தமிழே மிகுந்தது. துறை நெருக்கமானது என்பதனால் வேலை தீர்ந்துவிடுவதில்லை. ஒருவர் எடுத்த பணியை ஒழித்து மற்றொன்றை எடுக்க இடம் எப்போதும் இருக்கின்றது.

1887-இற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக அவர் நியமிக்கப்பட்டார். சேஷையா சாஸ்திரியார் அச்சமஸ்தானத்தின் நிருவாகத்தைச் சீர்ப்படுத்தி வந்த காலம் அது. 1890-இல் அப்பதவியினின்றும் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேயே. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தையும் சொல்லதிகாரத்தையும் நச்சினார்க்கினியர் உரையுடன் அதன் பின்னரே வெளியிட்டார். 1895-இல் அரசாங்கம் இராவ்பகதூர்ப் பட்டம் வழங்கியது. இளம் புலவர் சூரியநாராயண சாஸ்திரியாரின் திறமை கண்டு திராவிட சாஸ்திரி எனப் பெயர் சூட்டி ஊக்குவித்தவரும் அவரே. பிறந்த நாட்டையும் மறந்தாரல்லர். ஏழாலையில் அவர் நிறுவிய சைவப் பாடசாலை அதற்குச் சான்று. 1901-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இவ்வாழ்க்கையை நம் மாவட்டத்து மாணவர் எவ்வாறு கொள்ளல் வேண்டும்? முன்னாளில் நம் நாட்டில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இரு வகுப்பினர் இருந்தனர். 1973-ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவ்வேற்றுமையை நீக்கிச் சட்டத்தரணி என்னும் ஒரே வகுப்பை அமைத்தது. வாயில் ஒன்றாயிற்று, அதன்முன் நிற்போர் பலராயினர். கொழும்பிலே நெருக்கடி மிகுதி என்பது உண்மை. ஆனாற் கொட்டியாரக் குடாவிற்கு இப்பால் நின்று பார்ப்போர்க்குக் காட்சி வேறாகும். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கப்படுமுன், நகருக்கு வரத் தோணியையும் பாதையையும் நம்பியிருந்த மக்கள் நம் மக்கள். அல்லைக் குளத்து நீர் பாயும் வயல்களைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து உழுகின்றனர். போரினாலும் 2004-இன் ஆழிப்பேரலையினாலும் இடம்பெயர்ந்தோருட் பலர் காணி உறுதிகளை இழந்தனர். போர்க்காலத்திற் காணியைப் பிரிந்திருந்தோர் ஆட்சியுரிமை விதியால் அதனை இழக்காவண்ணம் 2016-இல் 5-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வழக்கிட அளிக்கப்பட்ட காலமோ இரண்டே ஆண்டுகள். அச்செய்தியை ஏழை உழவனுக்குத் தமிழில் எடுத்துரைத்து, உரிய நாளில் மன்றேறியிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என எண்ணின், சட்டத்தரணிகள் மிகுந்துவிட்டனர் என்னும் கூற்று எவ்வூரைக் குறித்தது என வினவத் தோன்றும்.

ஆதலின், மாணவர்களே, இத்தொழிலை நாடுவோர் மூன்றினைப் பிள்ளையவர்களிடமிருந்து கொள்க. காலம் தாழ்த்தாயினும் கற்க. உறவில்லாத ஊரிலும் நாணயத்தால் நிலைபெறுக. ஈட்டிய பொருளிலும் பெற்ற பயிற்சியிலும் ஒரு பங்கைத் தொழிலுக்கு அப்பாற்பட்ட நற்பணிக்கு ஆக்குக. கும்பகோணத்திற் பிள்ளையவர்கள் வாதித்த வழக்குகளை இன்று நினைவிற் கொண்டார் எவருமிலர். அவ்வழக்குகளின் ஊதியத்தால் அச்சேறிய நூல்களை நாம் ஓதிக்கொண்டிருக்கின்றோம்.