நாவலர் காணாத கோயில்

நல்லூரில் 1822-ல் அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானின் வாழ்வில் மேடும் பள்ளமும் பல. வண்ணார்பண்ணையில் 1848-ல் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிப் பணமுடைக்கிடையே நடத்தினார். 1877-ல் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்.

மன்னார்ச் சைவராகிய நமது நன்றிக்கடன் வேறு. போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரம் மாதோட்டத்துக் காட்டில் மறைந்து கிடந்தது. அதனை மீண்டும் எடுப்பிக்குமாறு 1872-ல் சைவர்களை வேண்டி எழுதினார். ஏழாண்டு சென்றும் கல்லொன்றும் ஏறவில்லை. சிறு தடங்கலுக்கே சோர்ந்துவிடும் நம்மைப்போல அவர் சோரவில்லை. தம் பணிகளைச் செய்துகொண்டேயிருந்து, 1879-ல் சிவபதமடைந்தார்.

சைவர்கள் அந்நிலத்தை வாங்கியது 1893-ல். மறுவருடம் தோண்டியபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. சிவராத்திரியன்று பாலாவி நீரை மொண்டுவந்து நம் கையாலேயே அபிஷேகஞ் செய்வது அந்த மகாலிங்கப் பெருமானுக்குத்தான். குடத்தைச் சாய்க்குந்தோறும் நாவலரை நினைத்துக்கொள்கின்றோம். அவரோ அதனைக் கண்ணாற் கண்டதில்லை.