சம்பந்தரோடு ஊர் ஊராகப் போன யாழ்: திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார்

வைகாசி மூலம் திருஞானசம்பந்தரின் குருபூசை நாள். நம் நாட்டுக் கோயில்களிலும் திருமுறை வகுப்புகளிலும் அன்று பதிகம் பாடி, பூசை செய்து, பிரசாதம் கொடுப்பார்கள். அதே நாள் இன்னொரு நாயனாருக்கும் குருபூசை நாள். சம்பந்தர் போன ஊருக்கெல்லாம் கூடவே போய், அவர் பாடியதையெல்லாம் யாழில் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர்தான் அவர். அறுபத்துமூவர் வரிசையில் கையில் யாழோடு இருப்பவரைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பெயரில் ஒரு குழப்பம் வருவதுண்டு. திருநீலகண்ட நாயனார் வேறு. அவர் தில்லையில் மண்பாண்டம் செய்த குயவர். நாம் பேசுவது பாணர் குலத்தில் பிறந்த இசைக்காரரைப் பற்றி.

ஊர் திருஎருக்கத்தம்புலியூர். இன்று இராஜேந்திரப்பட்டினம் என்கிறார்கள், கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குப் பக்கம். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு. அவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலிருந்து வருவது. அதற்கு முன்பே சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்.

மனைவி மதங்கசூளாமணியார். பாணர் வீட்டுப் பெண்களை விறலியர் என்பார்கள், பாட்டும் ஆட்டமும் அவர்கள் தொழில். கணவர் வாசிக்க மனைவி பாடுவார். இருவரும் சேர்ந்துதான் ஊர் ஊராகப் போனார்கள். யாழ்ப்பாணர் பெயர் விளங்கும் இடத்தில் இந்த அம்மையார் பெயரும் விளங்க வேண்டும். ஆனால் மேடைகளில் அவரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பாணர்கள் ஒரு காலத்தில் அரசனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என இரண்டு நெடும்பாட்டுகள் அவர்கள் பெயரிலேயே இருக்கின்றன. பரிசு வாங்கிவரும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வள்ளல் ஊருக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. அந்த மரியாதை பிற்காலத்தில் போய்விட்டது. சம்பந்தர் காலத்துக்கு வரும்போது பாணர்கள் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய குலமாகிவிட்டார்கள். வைணவத்தில் திருப்பாணாழ்வார் கதையும் இதுவே. அவர் திருவரங்கத்தில் ஆற்றங்கரையில் நின்றே பாடியவர்.

யாழ்ப்பாணர் வாழ்க்கையைச் சேக்கிழார் சொல்லும்போது ஒவ்வோர் ஊரிலும் இந்த வாசல் வருகிறது.

சோழநாட்டுக் கோயில்களை வணங்கிவிட்டு அவர் மதுரைக்குப் போகிறார். ஆலவாய்க் கோயில் வாயிலில் நின்று யாழ் வாசிக்கிறார். அன்றிரவு இறைவன் தம் தொண்டர்கள் கனவில் வந்து, அவரை உள்ளே அழைத்து வரச் சொல்கிறார். மறுநாள் தொண்டர்கள் அவரைச் சன்னதிக்கே கொண்டுபோகிறார்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார். அப்போது வானில் ஒரு குரல் எழுகிறது: தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், ஆகவே அவருக்குப் பொற்பலகை இட வேண்டும் என்று. பலகை வருகிறது.

இந்த இடம் இசைக்கருவி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் புரியும். நரம்பும் மரமும் தோலும் சேர்ந்த கருவி ஈரத்தில் இளகிப்போகும், சுருதி இறங்கும். நம் ஊர் மழையில் மிருதங்கத்தையும் தபேலாவையும் காப்பாற்றப் படும் பாடு வாசிப்பவர்களுக்குத் தெரியும். கடவுளே யாழின் சுருதியைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று கதை சொல்கிறது. வாசலுக்கு வெளியே நின்றவரை உள்ளே அழைத்ததோடு விடாமல், உட்கார இடமும் கொடுத்தாயிற்று.

1965இல் வந்த திருவிளையாடல் படம் பார்த்தவர்கள் இங்கே பாணபத்திரரை நினைக்கலாம். டி.ஆர். மகாலிங்கம் நடித்த பாத்திரம் அது. அவரும் மதுரையில் பாடிய பாணர்தான், பலகை பெற்ற கதை அவருக்கும் உண்டு. ஆனால் ஆள் வேறு.

அதே மதுரைக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். சேக்கிழார் எழுதிவைத்த கதை எண்ணூறு ஆண்டுகளாக அந்த ஊரில் பாராயணம் செய்யப்பட்டு வந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மதுரையிலிருந்து யாழ்ப்பாணர் திருவாரூர் போகிறார். அங்கேயும் வாயிலில் நின்றுதான் வாசிக்கிறார். இறைவன் வடதிசையில் வேறொரு வாயில் உண்டாக்க, அதன் வழியே உள்ளே போய் வணங்குகிறார். மதுரையில் இருந்த வாசலே திறந்தது, ஆரூரில் அவருக்கென்று தனி வாசல் வேண்டியிருந்தது. சேக்கிழார் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறார். என்றாலும் இன்று படிப்பவருக்கு அந்தத் தனி வாசல் கொஞ்சம் உறுத்தும். சாதி பார்த்து லயன் வீடுகளைத் தனித்தனி வரிசையாகப் பிரித்த பழைய தோட்டங்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உறுத்தல் புதிதல்ல.

அதன்பிறகுதான் சீர்காழி. சின்னப் பிள்ளை ஒருவர் பதிகம் பாடுகிறார் என்ற செய்தி கேட்டு, யாழ்ப்பாணரும் மனைவியும் வந்து அவரை வணங்குகிறார்கள். வந்தவர் வயதில் மூத்தவர், பல கோயில்களில் வாசித்துப் பேர் வாங்கியவர். சம்பந்தரோ அந்தணர் வீட்டுச் சிறுவர். அந்தச் சிறுவர் பாணரை ஐயர் என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். பெரியவரே என்று மரியாதை சொல்வது போன்ற சொல் அது. கோயிலின் வெளிமுற்றத்துக்கு அழைத்துப்போய், இங்கே உங்கள் இறைவனுக்கு வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.

யாழ்ப்பாணர் வாசிக்க, மதங்கசூளாமணியார் பாடுகிறார். பிறகு சம்பந்தரின் பதிகங்களைக் கேட்டு அவற்றை யாழில் இசைக்கிறார். இனி நீங்கள் பாடும் பதிகங்களை யாழில் வாசித்துக்கொண்டு உங்களைப் பிரியாமல் இருக்க வேண்டும் என்று வரம் கேட்கிறார். கேட்டது கிடைக்கிறது. அதன்பின் கடைசி நாள் வரை பிரியவில்லை.

ஒரே ஒரு முறைதான் அவர் தமக்காகப் பயணம் கேட்கிறார். தில்லையை வணங்கிய பிறகு, நிவா நதிக் கரையில் இருக்கும் கோயில்களையும் போய் வணங்கலாமே என்று சம்பந்தரிடம் விண்ணப்பிக்கிறார். சம்பந்தர் சரி என்கிறார். மேற்கே போகும் வழியில் ஓர் ஊர் வந்ததும், இதுதான் அடியேன் பிறந்த ஊர் என்கிறார் யாழ்ப்பாணர். அது எருக்கத்தம்புலியூர். சம்பந்தர் மகிழ்ந்து, நீர் பிறக்க இந்த ஊர் என்ன தவம் செய்ததோ என்ற பொருளில் பாராட்டி, அங்கே ஒரு பதிகமும் பாடுகிறார். வெளியூரில் பெயர் எடுத்தவர், தம் தலைவரைச் சொந்த ஊருக்கு அழைத்துவந்து காட்டும் ஆசையை யாரும் புரிந்துகொள்வார்கள். அந்தப் பயணத்தில்தான் அடுத்து நெல்வாயில் அரத்துறையில் சம்பந்தருக்கு முத்துச்சிவிகை கிடைத்தது.

இனித் தருமபுரம். மயிலாடுதுறை ஆதீனம் இருக்கும் தருமபுரம் இல்லை, காரைக்காலுக்குப் பக்கத்தில் இருப்பது. அது யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். உறவினர்கள் கூடி வந்து வரவேற்கிறார்கள். பிள்ளையாரின் பதிகங்களை யாழில் வாசிக்கும் பேறு கிடைத்திருக்கிறது என்று இவர் அவர்களிடம் சொல்கிறார். அவர்களோ, நீ இவ்வளவு நன்றாக வாசிப்பதால்தான் அந்தப் பாட்டு உலகமெல்லாம் பரவுகிறது என்று புகழ்கிறார்கள்.

உறவுக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நம் வீட்டுப் பிள்ளை என்ற பாசம். வேறொருவராக இருந்தால் சிரித்துக்கொண்டே விட்டிருப்பார். கொஞ்சம் மகிழ்ந்தும் இருப்பார். பக்கவாத்தியம் வாசிப்பவர் காதில் இப்படியொரு சொல் விழுந்து, அதனால் கச்சேரி செட்டே பிரிந்துபோனதெல்லாம் இசை உலகில் நடப்பதுதான்.

யாழ்ப்பாணர் நடுங்கிப்போகிறார். நேரே சம்பந்தரிடம் போய், இந்த யாழுக்குள் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று கேட்கிறார். தம் வாசிப்பு எங்கே தோற்கும் என்பதை ஊரார் பார்க்க வேண்டும், தம் உறவினரும் பார்க்க வேண்டும் என்று அவராகவே கேட்டது இது. பெரியபுராணத்தைப் படிக்காமல் கேள்வியில் மட்டும் அறிந்தவர்கள், சம்பந்தர் தம் பெருமையைக் காட்ட அந்தப் பதிகத்தைப் பாடினார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு.

சம்பந்தர் பாடுகிறார். அதுதான் யாழ்முரிப் பதிகம். முதல் திருமுறையின் 136ஆவது, கடைசிப் பதிகம். யாழ்ப்பாணர் வாசிக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு இசை தெரிந்தவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். யாழில் வீணையைப் போல் மெட்டுகள் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அவர் வைத்திருந்தது 14 நரம்புகள் கொண்ட சகோட யாழ் என்பது மரபு. குரலோ ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும், அசையும், வளையும். கட்டிவைத்த நரம்புகளுக்கு இடையே விழும் அந்த அசைவுகளை யாழால் எடுக்க முடியாது. அந்தப் பதிகத்தை இன்று ஓதுவார்கள் அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

இந்தக் கருவியைக் கையில் வைத்திருந்ததால் அல்லவா இப்படியொரு பேச்சு வந்தது என்று யாழ்ப்பாணர் அதை உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து யாழைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். இங்கேயும் ஐயர் என்றுதான் அழைக்கிறார். ஏன் முரிக்கிறீர்கள், இறைவன் அருளின் பெருமையெல்லாம் இந்த ஒரு கருவிக்குள் அடங்கிவிடுமா, வந்த அளவுக்கு வாசியுங்கள் என்று சொல்லி யாழைத் திருப்பிக் கொடுக்கிறார். யாழ்ப்பாணர் அதைத் தலைமேல் வைத்து வாங்கிக்கொள்கிறார்.

பெயர் யாழ்முரி என்று நிலைத்துவிட்டதால் யாழ் முரிந்துபோனது என்றே பலர் நினைக்கிறார்கள். சேக்கிழார் கணக்கில் யாழ் முரியவில்லை. அன்றைக்குப் பிறகும் அதே யாழ்தான் ஊர் ஊராகப் போனது.

தருமபுரத்திலிருந்து போகும் வழியில் சாத்தமங்கை வருகிறது. அங்கே திருநீலநக்கர் என்ற அந்தணர் வீட்டில் எல்லாருக்கும் விருந்து. இரவு, யாழ்ப்பாணருக்கும் மனைவிக்கும் தங்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தர் சொல்கிறார். நீலநக்கர் திண்ணையையோ கொட்டகையையோ காட்டவில்லை. வீட்டின் நடுவே, அணையாமல் வேள்வித்தீ வளரும் வேதிகைக்குப் பக்கத்தில் இருவருக்கும் இடம் கொடுக்கிறார். அந்தணர் வீட்டில் அதைவிட உள்ளே வேறு இடம் இல்லை. தீ வலமாகச் சுழித்து எழுந்ததாம். பாணரும் மனைவியும் அங்கே படுத்துத் தூங்கினார்கள்.

மதுரையிலும் ஆரூரிலும் வாசல் திறக்க இறைவனே வர வேண்டியிருந்தது. சாத்தமங்கையில் வீட்டுக்காரர் தாமாகவே செய்தார். யாழ்ப்பாணர் வாழ்க்கையில் நடந்த அற்புதங்களில் பெரியது எது என்று கேட்டால் இந்த ஓர் இரவைத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் சம்பந்தர் அவ்வூர்ப் பதிகத்தில் நீலநக்கர் பெயரையும் வைத்துப் பாடினார்.

முடிவு சீர்காழிக்குப் பக்கத்தில் நல்லூர்ப் பெருமணம், இன்றைய ஆச்சாள்புரம். சம்பந்தருக்குத் திருமணம். அப்போது அவருக்கு வயது 16 என்பது மரபு. மணம் முடிந்ததும் கோயிலில் எழுந்த சோதியில் வந்தவர்கள் எல்லாரும் கலந்தார்கள் என்கிறார் சேக்கிழார். தந்தையார், நீலநக்கர், முருக நாயனார் இவர்களோடு யாழ்ப்பாணரும். அந்தச் சோதிக்குள் போக ஒரே வாசல்தான் இருந்தது, யாருக்கும் தனி வாசல் இல்லை. வைகாசி மூலம் இவர்கள் எல்லாருக்கும் பொதுவான குருபூசை நாளாக இருப்பது இதனால்தான்.

யாழும் பிற்காலத்தில் வழக்கொழிந்தது. 1947இல் விபுலாநந்த அடிகள் யாழ்நூல் எழுதி வெளியிடும் வரை அது எப்படி இருந்தது, எப்படி ஒலித்தது என்றுகூடத் தமிழர்களுக்குத் தெளிவில்லை.

பாட்டுக்கும் அதே கதி வந்திருக்கும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியவை சில நூற்றாண்டுகளில் மறைந்துபோயின. இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி சிதம்பரம் கோயிலில் பூட்டிக் கிடந்த ஓலைகளைக் கண்டெடுத்த கதை திருமுறைகண்ட புராணத்தில் இருக்கிறது. செல்லரித்தது போக மிஞ்சியதை எடுத்தார்கள். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எப்படிப் பாடுவது என்று சொல்ல ஆள் இல்லை.

அரசனும் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். அங்கே யாழ்ப்பாணர் வழிவந்த பாணர் குலத்தில் ஒரு பெண் இருந்தார். அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துவந்து, தில்லையம்பலத்தில் வைத்து, எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண் என்று கேட்டுக் கேட்டு வகுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பிள்ளைகள் பண்ணோடு பாடும் பதிகங்கள், அவர் அன்று சொல்லிக்கொடுத்த வழியில் வந்தவை.