தீயைக் கண்ட சுரங்க அதிகாரி

விஞ்ஞானம் படிக்கிறவன் ஞானதிருஷ்டியைப் பற்றி எழுதப் புகுந்தால், படிக்கிறவர்கள் இரண்டில் ஒன்றை எதிர்பார்ப்பார்கள். அதை அவன் எள்ளி நகையாட வேண்டும்; அல்லது, மேல்நாட்டு மேதைகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் பாருங்கள் என்று மார்தட்ட வேண்டும். நான் எடுத்துக்கொண்ட மனிதர் இரண்டுக்கும் இடம் கொடாதவர். ஐம்பத்தைந்து வயது வரை தராசும் அளவுகோலுமாக வாழ்ந்து, அதன்பின் தேவதூதர்களோடு உரையாடியதாக நூல் நூலாக எழுதிக் குவித்த இம்மானுவேல் ஸ்வீடன்பர்க்தான் அவர்.

ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 1688 ஜனவரி 29 அன்று பிறந்தார். தந்தை யெஸ்பர் ஸ்வெட்பர்க் ஒரு பாதிரியார். பிற்காலத்தில் ஸ்காரா நகரின் பிஷப்பாக உயர்ந்தவர். 1719-இல் குடும்பத்துக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோதுதான் பெயர் ஸ்வீடன்பர்க் ஆயிற்று. உப்சாலா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு, 1710-இல் லண்டனுக்குக் கப்பலேறினார். நியூட்டன் உயிரோடிருந்த லண்டன் அது. அங்கே இந்த இளைஞர் படித்த முறை விந்தையானது. கடிகாரம் செய்பவர் வீட்டில் சில காலம், மரத்தச்சர் வீட்டில் சில காலம், கருவிகள் செய்பவர் வீட்டில் சில காலம் என்று மாறி மாறிக் குடியிருந்தார். வீடு மாறுந்தோறும் ஒரு தொழில் அவர் கைக்கு வந்தது. விடுதியில் அறை மாற்றினால் ஆறு மாதம் புலம்புகிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஊர் திரும்பியதும் 1716-இல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைத் தொடங்கி, அதில் பறக்கும் பொறி ஒன்றுக்கான திட்டத்தையும் வெளியிட்டார். மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் அவருடைய திறமையைக் கண்டு, நாட்டின் சுரங்க நிர்வாகத்தில் பதவி கொடுத்தார். 1718-இல் நார்வே மீது போர் தொடுத்த மன்னருக்காகக் கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் சென்று மறுபக்கக் கடலில் இறக்கிய வேலையிலும் ஸ்வீடன்பர்க்குக்குப் பங்கு உண்டு. இரும்பும் செம்புமே ஸ்வீடனின் செல்வம். அவற்றை உருக்கும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1734-இல் வெளிவந்தது. அதன் முதற்பகுதியில், கிரகங்கள் எல்லாம் சூரியனிடமிருந்தே தோன்றியவை என்று ஒரு கொள்கையைச் சொன்னார். இத்தகைய எண்ணத்தைக் காண்ட் எழுதியது 1755-இல். லாப்லாஸ் எழுதியது 1796-இல்.

உலோகத்தோடும் விண்ணோடும் அவர் மனம் நிற்கவில்லை. ஆன்மா இந்த உடலில் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று உறுதி பூண்டார். அதற்காக உடற்கூற்றில் இறங்கினார். தாமே பிணத்தை அறுத்துப் பார்ப்பதைவிடப் பிறர் அறுத்து எழுதியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதையே பெரிதும் நம்பினார். சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் மேல் ஆசை விழுந்து, மற்றவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிற எவருக்கும் இந்தப் பேச்சின் உண்மை சுருக்கென்று தைக்கும்.

அந்த முறையில் அவர் கண்டது சிறிதன்று. உணர்ச்சிக்கும் அசைவுக்கும் மூளையின் புறணியே இருப்பிடம் என்றார். கால்களை ஆள்வது புறணியின் மேற்பகுதி, நடுவுடலை ஆள்வது நடுப்பகுதி, முகத்தையும் தலையையும் ஆள்வது கீழ்ப்பகுதி என்று தலைகீழ் வரிசையையும் குறித்துவைத்தார். பெர்லினில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளையில் மின்சாரம் செலுத்திப் புறணிக்கும் அசைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது 1870-இல்தான். ஸ்வீடன்பர்க்கின் மூளைக் குறிப்புகளோ அச்சேறாமல் கிடந்தன; ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு உலகம் அவற்றை அறியவில்லை.

ஆனால் ஆன்மா மட்டும் அகப்படவில்லை. 1743-இல் அயல்நாட்டுப் பயணம் புறப்பட்டவரைக் கனவுகள் பற்றிக்கொண்டன. ஒவ்வொன்றையும் ஒளிவுமறைவின்றிக் குறித்துவைத்தார். தம் அறிவைப் பற்றிய கர்வம் தம்மைக் கெடுக்கிறது என்ற அச்சம் அந்தக் குறிப்பேடு முழுவதும் தெரிகிறது. (1859-இல் அச்சான அந்த ஏட்டைப் படித்த அன்பர்கள் சிலர் முகம் சுளித்தார்களாம்; மனிதர் அவ்வளவு உண்மையாக எழுதிவிட்டார்!) 1744 ஏப்ரலில், ஹாலந்து நாட்டில், ஓர் இரவு தாம் படுக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டதாகவும் கிறிஸ்துவை நேரில் கண்டதாகவும் எழுதினார். மறு ஆண்டு லண்டன் சத்திரம் ஒன்றில் உணவருந்திக்கொண்டிருந்தபோது அறை இருண்டு, மூலையில் ஓர் உருவம் தோன்றி, இவ்வளவு உண்ணாதே என்று எச்சரித்தது என்று பின்னாளில் நண்பரிடம் கூறினார். ஆழ்ந்து சிந்திக்கும்போது மூச்சு தானாகவே அடங்கிப்போவதைச் சிறு வயதிலிருந்தே கவனித்துவந்ததாகவும் எழுதியிருக்கிறார். பிராணாயாமம் என்ற சொல்லைக் கேட்டே இராதவர் அவர்.

1747-இல் வேலையை விட்டார். பாதிச் சம்பளம் ஓய்வூதியமாக வந்தது. இனி அறிவை நூல்களிலிருந்து பெறப்போவதில்லை, எல்லா அறிவுக்கும் ஊற்றாகிய ஆவியுலகத்திலிருந்தே பெறுகிறேன் என்றார். 1749 முதல் 1756 வரை லத்தீனில் எட்டுப் பெரும் தொகுதிகள் வெளிவந்தன; எவற்றிலும் ஆசிரியர் பெயர் இல்லை. சுவர்க்கத்தையும் நரகத்தையும் கண்டு வந்தவர்போல் எழுதிய நூல் 1758-இல் வந்தது. அதே ஆண்டில் வந்த சிறு நூல் ஒன்று பிற கிரகவாசிகளைப் பற்றியது.

இந்தச் சிறு நூல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய கிரகங்களிலிருந்து வந்த ஆவிகளோடு பேசினேன் என்கிறார். சந்திரனில் உள்ளவர்கள் ஏழு வயதுச் சிறுவர் அளவே இருப்பார்கள், அங்குள்ள காற்று வேறுவிதமானதால் வயிற்றிலிருந்து இடி முழங்குவதுபோல் பேசுவார்கள் என்கிறார். நம் சூரிய மண்டலத்தில் சனிக்கு அப்பாலுள்ள கிரகம் எதிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. யுரேனஸை ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1781-இல், அதாவது ஸ்வீடன்பர்க் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. எல்லா அறிவுக்கும் ஊற்று என்றால், அன்றைய தொலைநோக்கி எட்டிய எல்லையோடு அது ஏன் நின்றுவிட்டது? பிறர் எழுதியவற்றை ஒப்பிட்டு, தம் மேலேயே சந்தேகம் வைத்து அவர் கண்ட மூளை நிலைத்துவிட்டது. தேவதூதர் சொன்ன சந்திரன் நிலைக்கவில்லை.

இத்தோடு கணக்கை முடித்துவிடலாம் என்றால், குறுக்கே ஒரு தீ வருகிறது.

1759 ஜூலை 19 அன்று ஸ்டாக்ஹோமின் தென்பகுதியில் பெருந்தீ பற்றி, ஏறத்தாழ முந்நூறு வீடுகள் அழிந்தன. இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஸ்வீடன்பர்க் அப்போது கோதன்பர்க் நகரில் ஒரு வணிகர் வீட்டு விருந்தில் இருந்தார். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீட்டர்; சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். தந்தி கூட இல்லாத காலம். மாலை ஆறு மணிக்கு வெளியே போய் வெளிறிய முகத்தோடு திரும்பியவர், ஸ்டாக்ஹோமில் தீ பரவுகிறது, நண்பர் ஒருவரின் வீடு சாம்பலாகிவிட்டது, என் வீட்டுக்கும் ஆபத்து என்று தவித்தாராம். எட்டு மணிக்கு, என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டோடு தீ நின்றுவிட்டது என்று ஆறுதல் அடைந்தாராம். மறுநாள் கவர்னர் அழைத்து விசாரித்தார். அதற்கடுத்த நாட்களில் தூதர்கள் கொண்டுவந்த செய்தி அவர் சொன்னதோடு ஒத்திருந்தது என்பது கதை.

இதை எழுதிவைத்தவர் சாதாரணமானவர் அல்லர், இம்மானுவேல் காண்ட்! ஆங்கிலேய வணிக நண்பர் ஒருவர் ஸ்வீடனில் நேரில் விசாரித்துச் சொன்னதைக் கொண்டு, ஒரு பெண்மணிக்குக் கடிதம் எழுதினார். அதன் தேதி 1763 என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். நிகழ்ச்சி நடந்து நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. கடிதத்தில் தீ செப்டம்பர் இறுதியில், சனிக்கிழமை பற்றியதாக இருக்கிறது. ஜூலை 19 எந்தக் கிழமை என்று நாட்கணக்குப் போட்டுப் பார்த்தேன், வியாழன் வருகிறது. மாதமும் தவறு, கிழமையும் தவறு. மணிக்கணக்கு மட்டும் எப்படி அவ்வளவு துல்லியமாக நினைவில் நின்றது?

காண்ட்டுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். ஸ்வீடன்பர்க்கின் எட்டுத் தொகுதிகளையும் காசு கொடுத்து வாங்கிப் படித்து, 1766-இல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டு, அவற்றைக் கடுமையாகப் பரிகசித்தார். அதிலும் தீக் கதையைச் சொல்லாமல் விடவில்லை. நம்பவும் இல்லை, உதறவும் இல்லை. அனுபவத்தின் எல்லையைத் தாண்டி அறிவு எதையாவது அறிய முடியுமா என்ற கேள்விக்குப் போய்விட்டார். பின்னாளில் அவரை உலகப் புகழுக்கு உயர்த்திய கேள்வியும் அதுதான். இந்தக் கதையால் விளைந்த நன்மை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ராணி லோவிஸா உல்ரிகாவின் இறந்த சகோதரர் பற்றிய இரகசியம், டச்சுத் தூதரின் விதவைக்குக் காணாமற்போன ரசீது கிடைத்தது என்று இன்னும் இரண்டு கதைகள் உண்டு. இவற்றுக்கும் சாட்சிகள் பலர்; சாட்சிக்குச் சாட்சி விவரம் மாறுகிறது. இவற்றை வைத்து ஸ்வீடன்பர்க் பெயர் தேடவில்லை. ராணியின் விஷயத்தை ஓர் அற்புதமாகக் கொள்ள வேண்டாம் என்றுகூடக் கடைசிக் காலத்தில் எழுதினார். மணம் செய்துகொள்ளாமல், பாலில் ஊறிய ரொட்டியும் சர்க்கரை மிகுந்த காப்பியுமாக, தோட்டம் வளர்த்துக்கொண்டு வாழ்ந்தார். யாரையும் ஏமாற்றிப் பணம் பறித்தார் என்று பகைவரும் சொன்னதில்லை. பொய்யர் என்று அவரைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. உண்மையாக நம்புகிறவரும் தவறாகக் காணக்கூடும் என்பதையும் மறுக்க முடியவில்லை.

1772 மார்ச் 29 அன்று லண்டனில் காலமானார். 1787-இல் அவருடைய அன்பர்கள் அங்கே தனித் திருச்சபை தொடங்கினர். கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் தம் சமய நம்பிக்கையை அவரிடமிருந்தே பெற்றதாக 1927-இல் நூல் எழுதினார்.

அவருடைய உடல் லண்டன் ஸ்வீடிஷ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் சொல்லும் போலி விஞ்ஞானம் பரவிய காலத்தில், அவருடைய மண்டையோடு பெட்டியிலிருந்து களவுபோயிற்று. 1908-இல் எச்சங்களை ஸ்வீடனுக்கு எடுத்துச் சென்று உப்சாலாப் பேராலயத்தில் வைத்தபோது, கூடச் சென்றது வேறு யாருடைய தலையோ. மூளையை ஆராய்ந்த அந்த மனிதரின் மண்டையோடு 1978-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கி, உப்சாலாவிலுள்ள உடலோடு சேர்த்தார்கள்.